செமான்டிக் வெப் வழியே மருந்துத் தேடல்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. பதிவு செய்ய நினைக்கும் எம்.சி.ஏ., எம்.எஸ்சி. பட்டதாரிகளும், கணினிப் பக்கம் வர விரும்பும் பார்மசி மாணவர்களும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. செமான்டிக் வெப்னா என்னங்க? சாதாரண டேட்டாபேஸ்ல இல்லாதது இதுல என்ன இருக்கு?

அட்டவணையில் "டார்கெட்" என்று ஒரு நெடுவரிசை இருந்தால், அது எதைக் குறிக்கிறது என்பது அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். செமான்டிக் வெப்பில் ஒவ்வொரு செய்தியும் மூன்று பகுதி கொண்ட சிறு வாக்கியம். சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை நோய் மருந்தையும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனையும் எடுத்துக்கொள்ளுங்கள். "சிட்டாகிளிப்டின் – தடுக்கிறது – டிபிபி-4 நொதி." "டிபிபி-4 – சிதைக்கிறது – ஜிஎல்பி-1." "ஜிஎல்பி-1 – தூண்டுகிறது – இன்சுலின் சுரப்பு." இப்படி ஒரு வாக்கியத்துக்கு டிரிப்பிள் என்று பெயர். இதிலுள்ள பொருள்களுக்கும் உறவுகளுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான முகவரி உண்டு, அதுதான் யூஆர்ஐ. இங்கிலாந்தில் ஒருவர் எழுதிய முதல் வாக்கியமும் சுவிட்சர்லாந்தில் ஒருவர் எழுதிய இரண்டாவது வாக்கியமும் டிபிபி-4க்கு ஒரே முகவரியைப் பயன்படுத்தியிருந்தால், யாரும் உட்கார்ந்து ஒட்டாமலே சங்கிலியாகச் சேர்ந்துவிடும்.

டிரிப்பிள் எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப், பொருள் விதிகளை எழுத ஓடபிள்யூஎல், கேள்வி கேட்க ஸ்பார்க்கிள். டபிள்யூ3சி அமைப்பு இவற்றை முறையே 1999, 2004, 2008 ஆண்டுகளில் தரநிலைகளாக்கியது. கருவிகள் மாறிக்கொண்டே இருந்தாலும் இந்த மூன்றும் நிலைத்திருக்கின்றன. ஆகவே எந்தக் கருவி என்று அலைவதற்கு முன் ஸ்பார்க்கிளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

2. இதை வெச்சு நெஜமாவே ஏதாச்சும் மருந்து கிடைச்சிருக்கா, இல்ல பேப்பரோட சரியா?

கிடைத்திருக்கிறது, ஆனால் எந்த அளவுக்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1986-ல் டான் ஸ்வான்சன், மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்று ஒரு கூட்டம் கட்டுரைகளும், ரேனாட் நோயில் (குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறையும் நோய்) பிசுபிசுப்பு அதிகம் என்று வேறொரு கூட்டம் கட்டுரைகளும் சொல்வதையும், இரண்டும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டாததையும் கவனித்தார். இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவலாம் என்றார். செமான்டிக் வெப் பிறப்பதற்கு முந்தைய வேலை இது. இன்றைய ஆய்வின் எலும்புக்கூடும் இதுதான்.

அண்மைக் காலத்தில் தெளிவான எடுத்துக்காட்டு பாரிசிட்டினிப். மூட்டுவாதத்துக்கான இந்த மருந்து கோவிட்டுக்கு உதவக்கூடும் என்று, ஒரு பெரிய நாலெட்ஜ் கிராஃபை (டிரிப்பிள்கள் ஒன்றோடொன்று கோத்து உருவாகும் வலை; அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு முனை) அலசி, 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு மருத்துவச் சோதனைகள் நடந்தன; 2022 மே மாதம் அமெரிக்க எஃப்டிஏ முழு அனுமதி தந்தது. கிராஃப் செய்தது ஆயிரக்கணக்கான மருந்துகளில் எதை முதலில் சோதிக்கலாம் என்று கைகாட்டியது. நிரூபித்தது மருத்துவமனைச் சோதனை. உங்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இந்த எல்லையை எழுதிவிடுங்கள்.

3. நான் எம்.சி.ஏ. பிளஸ் டூ-வுக்கு அப்புறம் கெமிஸ்ட்ரி, பயாலஜி தொட்டதே இல்ல. முடியுமா?

முடியும். முழுப் பாடமும் தேவையில்லை. ஆனால் ஓர் எண்ணைப் பார்த்தால் அது எதைச் சொல்கிறது என்று தெரிய வேண்டும். சிட்டாகிளிப்டின் டிபிபி-4ஐப் பாதியளவு தடுக்க 18 நானோமோலார் செறிவு போதும். இதுதான் ஐசி50. சேர்மங்களின் சோதனை முடிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் கெம்பிள் தரவுத்தளம் இதை மோலாராக்கி எதிர்ம மடக்கை எடுத்து 7.74 என்று வைத்திருக்கும். பி-கெம்பிள் மதிப்பு என்பது இதுவே. 1 மைக்ரோமோலார் என்றால் 6, 10 நானோமோலார் என்றால் 8. எண் கூடக் கூட மருந்து வலுவானது. அலகைக் கவனிக்காமல் 18 மைக்ரோமோலாரையும் 18 நானோமோலாரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கு பிழை.

இதோடு கெம்பிளில் ஒவ்வொரு சோதனைக்கும் 0 முதல் 9 வரை நம்பக மதிப்பெண் உண்டு. 9 என்றால் குறிப்பிட்ட ஒரே புரதத்தின்மீது நேரடியாகச் சோதித்தது. 8 என்றால் ஒத்த வகைப் புரதத்தை வைத்து ஒதுக்கியது. தொடக்கத்தில் 9 மட்டும் எடுங்கள். மூன்று மாதம் ஒரு மருந்தியல் பாடநூலை, நொதி, ஏற்பி, தடுப்பான், பக்கவிளைவு என்ற அத்தியாயங்களை மட்டும் படித்தால் அடித்தளம் வந்துவிடும்.

4. எங்க பதிவு பண்றது? வேலையை விடாம பார்ட் டைம்ல பண்ணலாமா?

இரண்டு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும், பார்மசி கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. இந்தத் தலைப்புக்குக் கணினித் துறையில் ஒரு கைடு, பார்மசி அல்லது உயிர்த் தொழில்நுட்பத்தில் ஒரு கோ-கைடு என்று அமைவதே நல்லது. இருவரும் வெவ்வேறு பல்கலைக்கழகமானால் ஒப்புதல் வாங்க நாளாகும். பதிவுக்கு முன்பே எழுத்துமூலம் பேசி முடியுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் உயிர்த்தகவலியல் கழகம் கூப்பிடு தூரம். அங்கே நடக்கும் கருத்தரங்குகளை விடாதீர்கள்.

யூஜிசி 2022 விதிகளின்படி பகுதி நேரத்துக்கு இடமுண்டு. வேலை செய்யும் இடத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு; கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். பகுதி நேரத்தில் செய்பவர்களுக்குக் காலம் கரைவது 7, 8-ஆம் கேள்விகளில் வரும் தரவு இணைப்பு வேலையில்தான். அதற்கு ஒன்றரை ஆண்டு ஒதுக்கித் திட்டமிடுங்கள்.

5. 8 ஜிபி லேப்டாப் போதுமா? சர்வர் வாங்கணும்னு சொல்றாங்களே?

புரதத் தரவுத்தளமான யூனிப்ராட்டின் முழு ஆர்டிஎஃப் தொகுப்பில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரிப்பிள்கள். அதை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு வேண்டியது மனிதப் புரதங்களில் நிபுணர் சரிபார்த்தவை மட்டும். அவை சுமார் 20,000. அவற்றையும் நோய், பாதை என்று தேவையான உறவுகளோடு மட்டும் யூனிப்ராட்டின் பொது ஸ்பார்க்கிள் முகவரியில் கேட்டு இறக்கிக்கொள்ளலாம். கெம்பிளில் 20 லட்சத்துக்கும் மேல் சேர்மங்கள். ஒரு நோய்க்குரிய இலக்குப் புரதங்களைத் தொடுபவற்றை மட்டும் எடுத்தால் சில ஆயிரமாகச் சுருங்கும்.

கருவி விஷயத்தில் ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். பைத்தானின் ஆர்டிஎஃப்லிப் மொத்தத் தரவையும் நினைவகத்தில் தூக்கி வைத்திருக்கும். சில பத்து லட்சம் டிரிப்பிளைத் தாண்டினால் 8 ஜிபி திணறும். அதற்கு மேல் அப்பாச்சி ஜீனாவின் டிடிபி2 போல வட்டில் வைக்கும் கிடங்குக்கு மாறுங்கள். வட்டு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஜீனாவின் சர்வரான ஃபூசெகியின் உலாவிப் பக்கம் வழியாகப் பெரிய கோப்பை ஏற்ற முயன்றால் பாதியில் நிற்கும். கட்டளை வரியிலுள்ள மொத்த ஏற்றியைப் பயன்படுத்துங்கள். ஏற்றும்போது மின்சாரம் போய்விட்டால் அந்தக் கோப்புறையை நம்பாதீர்கள். அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஏற்றுங்கள்.

6. எந்த டேட்டா எடுக்கறது? டிரக்பேங்க் கேட்டா லைசென்ஸ் கேக்குறாங்க.

புரதத்துக்கு யூனிப்ராட், சேர்மம்–செயல்பாட்டுக்கு கெம்பிள், வேதிவகைக்கு செபி, நோய்ப் பெயர்களுக்கு மோண்டோ, உயிரியல் பாதைக்கு ரியாக்டோம் அல்லது விக்கிபாத்வேஸ், முகவரி ஒட்டுவதற்கு விக்கிடேட்டா. ஓர் ஆய்வேட்டுக்கு இவை போதும். டிரக்பேங்க்குக்குக் கல்வி உரிமம் விண்ணப்பித்தே வாங்க வேண்டும். வாங்கினாலும் அதன் தரவை உங்கள் கிராஃபோடு சேர்த்து வெளியிட முடியாது. கிராஃபை வெளியிட முடியாவிட்டால் உங்கள் முடிவை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. அதனால் திறந்த தரவை மட்டும் வைத்துத் தொடங்குவதே எங்கள் பரிந்துரை. யூனிப்ராட், விக்கிடேட்டா, கெம்பிள் மூன்றையும் உரிமக் குறிப்போடு மறுபகிர்வு செய்யலாம்.

7. ரெண்டு டேட்டாவையும் ஏத்திட்டேன். தனித்தனியா கேட்டா பதில் வருது, சேர்த்துக் கேட்டா ஜீரோ. எர்ரரும் வரல. ஏன்?

முகவரி பொருந்தவில்லை. ஸ்பார்க்கிளுக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். பொருந்தாதபோது பிழை என்று சொல்லாது, பேசாமல் காலி அட்டவணை தரும். முதலில் பார்க்க வேண்டியது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது. விக்கிடேட்டாவை உலாவியில் திறந்தால் எச்டிடிபிஎஸ் என்றும் நடுவில் "விக்கி" என்றும் தெரியும். ஆர்டிஎஃப்பில் இருப்பதோ எச்டிடிபி, நடுவில் "என்டிட்டி". உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் வெறும் சரம். விக்கிடேட்டாவில் யூனிப்ராட் எண் பி352 என்ற பண்பின் கீழ் சரமாக மட்டும் இருக்கும், டிபிபி-4க்கு "பி27487". அந்தச் சரத்தின் முன்னால் யூனிப்ராட்டின் முகவரி முன்னொட்டைச் சேர்த்து, யூஆர்ஐயாக மாற்றிய பிறகே இணையும். மூன்றாவது, மொழிக் குறி: தமிழ் என்று குறியிட்ட "கீழாநெல்லி"யும் குறியில்லாத "கீழாநெல்லி"யும் ஸ்பார்க்கிளுக்கு ஒன்றல்ல.

பழக்கமாக்கிக்கொள்ள ஒரு வழி: இணைப்புக் கேள்வி எழுதும் முன், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே புரதத்தின் முகவரியை ஐந்து வரி எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்கே தெரிந்துவிடும். விக்கிடேட்டாவின் பொதுச் சேவை ஒரு கேள்விக்கு 60 நொடிதான் தரும். நேரம் தாண்டி நின்றதையும் காலி விடையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

8. ரெண்டு இடத்துலயும் ஒரே மருந்துதானே? சேம்ஏஸ் போட்டு ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதா?

இந்தத் துறையின் மிகக் கடினமான இடம் இதுதான். ஆய்வேட்டின் மதிப்பும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 129.16. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில் இருப்பது மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு, எடை 165.62. 500 மில்லிகிராம் மாத்திரையில் மெட்ஃபார்மின் மட்டும் சுமார் 390 மில்லிகிராம். ஒரு தரவுத்தளம் உப்பையும் இன்னொன்று மூலத்தையும் வைத்திருக்கும். இலக்குப் புரதம் தேடுகிறீர்கள் என்றால் இரண்டும் ஒன்று. அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் ஒன்றல்ல.

செட்டிரிசினும் லெவோசெட்டிரிசினும் இன்னும் சிக்கல். சளி, அரிப்புக்கு எல்லா வீட்டிலும் இருக்கும் மாத்திரைகள். அணுக்கள் இணைந்திருக்கும் முறை ஒன்றே. செட்டிரிசின் இடது, வலது இரண்டு வடிவங்களின் கலவை, லெவோ அதில் ஒன்று மட்டும். அதனால் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 போதும். சேர்மத்தின் அமைப்பிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியான, 27 எழுத்து கொண்ட இன்ச்சி-கீயில் முதல் 14 எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அடுத்த பகுதியில்தான் வேறுபாடு. முதல் 14ஐ மட்டும் வைத்து ஒட்டுபவர்கள் இரண்டு மருந்தையும் ஒன்றாக்கி, ஒரே முனையில் 5, 10 என்று இரண்டு அளவும் தொங்கும்படி செய்துவிடுகிறார்கள்.

சேம்ஏஸ் என்பதன் பொருள் "எல்லா வகையிலும் ஒன்றே" என்பது. அது சங்கிலியாகவும் தாவும்: அ என்பது ஆ, ஆ என்பது இ என்றால் அ என்பதும் இ. ஒரு தவறான ஒட்டு ஒரு குடும்பத்தையே ஒன்றாக்கிவிடும். ஸ்காஸ் என்ற பொதுச் சொல்தொகுப்பில் "நெருங்கிய பொருத்தம்", "துல்லியப் பொருத்தம்" என்று தனித்தனி உறவுகள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். மருந்துத் தரவுகளை இணைத்த ஓபன் ஃபேக்ட்ஸ் திட்டத்தில் இதற்கு "லென்ஸ்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: கேள்விக்கு ஏற்ற கண்ணாடியைப் போட்டால், எவையெல்லாம் ஒன்று என்பது அதற்கேற்ப மாறும். நடைமுறையில் ஆர்டிகிட் என்ற வேதியியல் நிரல் தொகுப்பைக் கொண்டு உப்பை நீக்கி, மூல வடிவத்தின் முழு இன்ச்சி-கீயைக் கணக்கிட்டு, "உப்பு வடிவம்", "இணை வடிவம்" என்ற உறவுகளைத் தனியே எழுதிவையுங்கள். பிறகு தற்செயலாக 200 ஒட்டுகளை எடுத்து, பார்மசி கோ-கைடோடு உட்கார்ந்து கையால் சரிபாருங்கள். எத்தனை தவறு என்ற எண்ணை ஆய்வேட்டில் அப்படியே எழுதுங்கள்.

9. நம்ம ஊரு மூலிகைய வெச்சுப் பண்ணலாம்னு கைடு சொல்றார். எங்க தொடங்கறது?

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இம்பாட் தரவுத்தளத்தில் தொடங்குங்கள். அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவரச் சேர்மங்களும் உள்ளன. ஆனால் மூலிகை என்றதும் 8-ஆம் கேள்வியின் சிக்கல் ஒரு படி மேலேறுகிறது. கீழாநெல்லியைப் பழைய இந்தியக் கட்டுரைகள் பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. தாவரவியலாளர்கள் பின்னர் தெளிவுபடுத்தியது: உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். மேலாநெல்லி இன்னொரு இனம். இவற்றோடு, தகடூர் அதியமான் அவ்வைக்குக் கொடுத்ததாகப் பாடப்படும் நெல்லி, மரம். ஆனால் அதே பேரினம், பில்லாந்தஸ் எம்பிளிகா. அதுவும் பழைய நூல்களில் எம்பிளிகா அஃபிசினாலிஸ். ஆவாரையும் அப்படித்தான்: பழைய பெயர் கேசியா ஆரிகுலாட்டா, இப்போது சென்னா ஆரிகுலாட்டா. பெயர்ச் சரத்தை வைத்து இணைத்தால் ஒரு செடி இரண்டாகும், இரண்டு செடி ஒன்றாகும்.

ஆகவே ஒரே முனையில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். தமிழ்ப் பெயர், கட்டுரையில் எழுதப்பட்ட லத்தீன் பெயர், இன்று ஏற்கப்பட்ட இனம், செடியின் பகுதி, சாறு எடுத்த கரைப்பான், சேர்மம் ஆகிய ஆறையும் தனித்தனி முனையாக வையுங்கள். "கீழாநெல்லி – கொண்டுள்ளது – ஃபில்லாந்தின்" என்று ஒற்றை வரியில் எழுதினால் வேரா இலையா, தண்ணீரா ஆல்கஹாலா என்பது காணாமல் போகும். எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது.

தமிழ் எழுத்திலும் ஒரு பொறி உண்டு. "சரக்கொன்றை"யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஏற்றும் முன் எல்லாத் தமிழ்ச் சரங்களையும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

சித்தேரி மலை போன்ற இடங்களில் மக்களிடம் கேட்டுத் தகவல் சேர்ப்பதானால், முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும், சொன்னவரின் எழுத்துமூல இசைவும் வேண்டும். சொன்னவர் பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பொதுவெளியில் போட்ட டிரிப்பிளைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

10. ஆன்டாலஜி நானே முழுசா உருவாக்கணுமா?

வேண்டாம். ஆன்டாலஜி என்பது கிராஃபில் வரும் வகுப்புகள், உறவுகள், அவற்றின் பொருள் விதிகள் ஆகியவற்றின் தொகுப்பு. இருப்பதை எடுத்து, இல்லாததை மட்டும் சேர்ப்பதுதான் முறை. முதலில் உங்கள் கிராஃப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் பதினைந்தை எளிய தமிழில் எழுதுங்கள். "எந்த மூலிகைச் சேர்மம் டிபிபி-4ஐ 1 மைக்ரோமோலாருக்குக் கீழ் தடுக்கிறது?" என்பது போல. அந்தக் கேள்விகளுக்குத் தேவைப்படாத வகுப்பு ஒன்றும் இருக்கக் கூடாது.

ஆன்டாலஜி எழுதும் கருவியான ப்ரோட்டிஜேயில் செய்யும்போது டொமைன் (உறவின் தொடக்கப் பொருள் எந்த வகை), ரேஞ்ச் (முடிவுப் பொருள் எந்த வகை) இரண்டையும் தடுப்புச் சுவர் என்று நினைக்காதீர்கள். "குணப்படுத்துகிறது" என்ற உறவின் டொமைன் "மருந்து" என்று எழுதிவிட்டு, "யோகா – குணப்படுத்துகிறது – மனஅழுத்தம்" என்று ஒரு வரி உள்ளே வந்தால், பிழை என்று சொல்லாது. யோகா ஒரு மருந்து என்று முடிவு செய்துவிடும். தரவு சரியான வடிவில் இருக்கிறதா என்று சோதிக்க 2017-ல் வந்த ஷேக்கிள் தரநிலை இருக்கிறது.

11. ரீசனர் ஓடவிட்டா ராத்திரி முழுக்க ஓடுது, முடியவே மாட்டேங்குது.

விதிகளிலிருந்து புதிய முடிவுகளை வருவிக்கும் நிரல்தான் ரீசனர். ஹெர்மிட் போன்ற முழு ஓடபிள்யூஎல் ரீசனருக்கு லட்சக்கணக்கான சேர்ம முனைகளைக் கொடுத்திருப்பீர்கள். வகுப்புகளை மட்டும் தனிக் கோப்பில் பிரித்து எல்க் ரீசனரில் ஓட்டுங்கள். ஜீன் ஆன்டாலஜி அளவுள்ளதையும் அது விரைவாக முடிக்கும். எல்க் புரிந்துகொள்வது இஎல் வகை விதிகளை மட்டும். "அல்ல", "எல்லாமே" போன்ற விதிகளை நீங்கள் எழுதியிருந்தால் அவை கணக்கில் வராது.

12. லிங்க் ப்ரெடிக்ஷன்ல ஏயூசி 0.98 வந்துடுச்சு. பேப்பர் போட்டுடலாமா?

பொறுங்கள். லிங்க் ப்ரெடிக்ஷன் என்பது கிராஃபில் இல்லாத இணைப்பை மாதிரி ஊகிப்பது; ஏயூசி அதன் மதிப்பெண், 1 என்றால் முழுமை. முதலில் பார்க்க வேண்டியது கசிவு, அதாவது சோதனைக்கான விடை பயிற்சியிலேயே இருந்துவிடுவது. "சிட்டாகிளிப்டின் – தடுக்கிறது – டிபிபி-4" என்பது பயிற்சியிலும், "டிபிபி-4 – தடுக்கப்படுகிறது – சிட்டாகிளிப்டின்" என்ற தலைகீழ் வரி சோதனையிலும் இருந்தால், மாதிரி கற்றது ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டது மட்டுமே. எஃப்பி15கே என்ற புகழ்பெற்ற அளவுகோல் தரவே இந்தக் குறையால் திருத்தப்பட்டு எஃப்பி15கே-237 என்று மறுபடி வெளிவந்தது. உப்பு வடிவம் பயிற்சியிலும் மூல வடிவம் சோதனையிலும் இருப்பதும் இதே கசிவு. 8-ஆம் கேள்வியின் வேலையைச் சரியாகச் செய்யாதவர்களின் மதிப்பெண்தான் பெரும்பாலும் இப்படி உயரத்தில் நிற்கிறது.

அடுத்து விகிதம். ஹெட்டியோநெட் என்ற பொது மருந்து–நோய் கிராஃபில் 1,552 சேர்மங்கள், 137 நோய்கள். சேர்த்தால் 2,12,624 இணைகள் உருவாகும். அவற்றில் சிகிச்சை என்று பதிவானவை 755. உங்கள் மாதிரி உண்மையானவற்றில் 90 விழுக்காட்டைப் பிடித்து, பொய்யானவற்றில் 5 விழுக்காட்டை மட்டும் தவறாக எடுத்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் சரியானவை சுமார் 680, தவறானவை சுமார் 10,593. நூறு பரிந்துரையில் ஆறுதான் சரி. ஆகவே ஏயூசியோடு, முதல் 50 பரிந்துரையில் எத்தனை சரி என்பதையும், துல்லியம்–மீட்பு (ப்ரிசிஷன்–ரீகால்) வளைகோட்டையும் காட்டுங்கள்.

ஒப்பீட்டுக்கு மிக எளிய மாதிரி ஒன்றையும் வையுங்கள்: எந்த மருந்துக்கு அதிகத் தொடுப்புகள் இருக்கின்றனவோ அதையே எல்லா நோய்க்கும் பரிந்துரைப்பது. ரொடேட், காம்ப்ளெக்ஸ் போன்ற உங்கள் கிராஃப் மாதிரி இதைப் பெரிதாக மிஞ்சவில்லை என்றால், அது கற்றது மருந்தியலை அல்ல. எந்த மருந்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதை.

13. 'வேலை செய்யாது'ங்கற டேட்டா எங்கயும் இல்லையே. நெகட்டிவ் எப்படி எடுக்கறது?

செமான்டிக் வெப் திறந்த உலகக் கொள்கையில் இயங்குகிறது: எழுதப்படவில்லை என்றால் "தெரியாது" என்று பொருள், "இல்லை" என்று பொருளல்ல. எழுதப்படாத இணைகளைத் தற்செயலாக எடுத்து நெகட்டிவ் என்று பயிற்சி கொடுக்கும்போது, நாளை மருந்தாகப் போவதையும் தவறு என்று கற்றுக்கொடுக்க வாய்ப்பு உண்டு. இதை முழுவதும் தவிர்க்க முடியாது. ஆய்வேட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உண்மையான நெகட்டிவ் ஓரளவு கெம்பிளிலேயே இருக்கிறது. சோதித்துப் பார்த்து 10 மைக்ரோமோலாரிலும் தடுக்கவில்லை என்றால் "10,000 நானோமோலாரை விட அதிகம்" என்று பெரிதுக்குறியோடு பதிவாகும். இப்படிப்பட்ட வரிகளுக்கு பி-கெம்பிள் மதிப்பு காலியாக இருக்கும். 3-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு பி-கெம்பிள் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி எடுப்பவர்கள் இந்த அருமையான தரவை முழுக்க எறிந்துவிடுகிறார்கள். தனிக் கேள்வியாக எழுதி அவற்றையும் எடுங்கள்.

14. சர்க்கரை நோய்க்கு டெக்ஸாமெத்தசோன்னு மேல வருது. டாக்டர் பார்த்துச் சிரிக்கறாரு.

டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு. கட்டுரைகளில் இரண்டு பெயரும் ஒன்றாக ஆயிரக்கணக்கான முறை வரும். சொற்சுரங்க முறையில் எடுத்த கிராஃபில் அது "தொடர்புடையது" என்று மட்டும் பதிவாகும். அந்த ஒரு சொல்லுக்குள் குணமாக்குவதும் உண்டாக்குவதும் ஒன்றாகக் கிடக்கின்றன. உறவுகளை "சிகிச்சை", "பக்கவிளைவு", "கொடுக்கக் கூடாது" என்று பிரித்து வையுங்கள். பிரிக்க முடியாத "தொடர்புடையது" வரிகளைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மதிப்பெண் குறையும், பட்டியல் தேறும். முதல் 50 பரிந்துரைகளை ஒரு மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் கட்டுரையும் அனுப்பாதீர்கள்.

15. எங்க காலேஜ்ல லேப் இல்ல. கண்டுபிடிச்சதை எப்படி நிரூபிக்கறது?

காலப் பிரிப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. கெம்பிளின் பழைய வெளியீடு ஒன்றை எடுத்து அதை வைத்து மட்டும் பயிற்சி கொடுங்கள். அதன்பின் வந்த வெளியீடுகளில் புதிதாகச் சேர்ந்த இணைகளை உங்கள் மாதிரி முன்கூட்டியே சொன்னதா என்று பாருங்கள். தற்செயல் பிரிப்பைவிட மதிப்பெண் விழும். அந்த விழுந்த எண்ணே நேர்மையானது. மருத்துவச் சோதனைப் பதிவேடுகளில் உங்கள் பரிந்துரை ஏற்கெனவே நடக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. இந்தியாவுக்கு சிடிஆர்ஐ பதிவேடு இருக்கிறது. ஆட்டோடாக் வினா என்ற நிரலில் டாக்கிங் (சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) செய்வது துணைச் சான்று. அந்த எண்ணை மட்டும் வைத்து "மருந்து கண்டுபிடித்தோம்" என்று எழுத முடியாது. மூன்று சேர்மங்களை மட்டும் தேர்ந்து, வெளி ஆய்வகத்தில் நொதித் தடுப்புச் சோதனை செய்து பார்க்க முடிந்தால் ஆய்வேடு ஒரு படி உயரும். வேலை செய்யாமல் போனாலும் அதையும் எழுதுங்கள்.

16. நம்ம மாவட்டத்து ஃப்ளோரோசிஸுக்கு இதுல மருந்து தேடலாமா?

அக்கறை சரியானது, கருவி சரியானதல்ல. பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதற்குக் காரணம் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு. தடுத்து நிறுத்த ஒரு புரதம் அங்கே இல்லை. ஏற்பட்ட எலும்பு பாதிப்பு மருந்தால் திரும்புவதில்லை. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. நல்ல தண்ணீரைக் கொண்டுவருவதே வழி என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கிணறு வாரியான நீர்ப் பரிசோதனை, நிலவியல், பல் பரிசோதனை முகாம் தரவுகளை ஆர்டிஎஃப்பில் இணைப்பது நல்ல பிஎச்.டி. தலைப்பு. ஆனால் அது பொதுச் சுகாதாரத் தலைப்பு. மருந்துத் தேடல் என்று பெயரிடாதீர்கள்.

17. சாட்ஜிபிடி கேட்டா நொடியில ஸ்பார்க்கிள் எழுதித் தருதே?

தரும். வாக்கிய அமைப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். கவலை அடையாள எண்களில்தான்: இல்லாத பண்பு எண்ணையும், வேறொரு புரதத்தின் எண்ணையும் உறுதியான தொனியில் எழுதித் தரும். 7-ஆம் கேள்வியில் சொன்னபடி, தவறான எண்ணுக்குப் பிழைச் செய்தி வராது. காலி விடையோ, அதைவிட மோசமாக வேறு புரதத்தின் விடையோ வரும். அது தரும் ஒவ்வோர் எண்ணையும் மூலத் தளத்தில் திறந்து பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

18. வைவால எதைத் தோண்டுவாங்க?

"இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது?" என்று உங்கள் முடிவுப் பட்டியலில் ஒன்றைத் தொட்டுக் கேட்பார்கள். அந்த டிரிப்பிள் எந்தத் தரவுத்தளத்தின் எத்தனையாவது வெளியீட்டிலிருந்து, எந்த நாளில், எந்த நிரல் வழியாக வந்தது என்று அங்கேயே காட்ட முடிய வேண்டும். இதற்கு ஒவ்வொரு மூலத்தையும் தனிப் பெயரிட்ட கிராஃபில் வைத்து, தரவின் மூலத்தைப் பதிவு செய்வதற்கான ப்ரோவ் சொற்களால் மூலமும் தேதியும் எழுதுங்கள். தரவு ஏற்றும் முதல் நாளே இதைத் தொடங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து உட்கார்ந்து எழுத முயன்றவர்களால் கெம்பிளின் எந்த வெளியீட்டை இறக்கினோம் என்றே சொல்ல முடிவதில்லை.

அடுத்து, 8-ஆம் கேள்வியில் சொன்ன 200 ஒட்டுகளின் சரிபார்ப்புத் தாளைக் கேட்பார்கள். அதை அச்சிட்டு, தவறானவற்றைச் சிவப்பு மையில் குறித்து, கோ-கைடின் கையெழுத்தோடு பின்னிணைப்பில் வையுங்கள்.